கைமா பாஸ்தா: முதலில் கறி வேகட்டும்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடுகிறது. வீட்டில் ஐந்து பேர். யூடியூபில் பார்த்து மாட்டுக் கைமாவையும் பாஸ்தாவையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் செய்தேன். அவர்கள் இருபது நிமிடத்தில் இறக்கிவிடுகிறார்கள். எனக்குப் பாஸ்தா கூழாகிவிட்டது, கறி ரப்பர் மாதிரி இருந்தது, அடியும் பிடித்துவிட்டது. குக்கரில் வைக்கலாமா? எத்தனை விசில்? நம் மசாலா போடலாமா? மிச்சத்தை மறுநாள் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் கொடுக்கலாமா?"

உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. வீடியோவில் வரும் கறி வேறு, நம் கடையில் கிடைக்கும் கறி வேறு. கறி வேக ஒரு நேரம், பாஸ்தா வேக ஒரு நேரம். இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால் கறி வேகாது, இல்லையென்றால் பாஸ்தா குழையும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. பாத்திரம் ஒன்றாகவே இருக்கட்டும். வேக வைப்பதை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இது வேலைக்குப் போகும் குடும்பங்களின் ராத்திரிச் சாப்பாடு. 1971-இல் 'ஹாம்பர்கர் ஹெல்பர்' என்ற பெட்டி அங்கே நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது. காய்ந்த பாஸ்தாவும் மசாலாப் பொடியும் பெட்டிக்குள் இருக்கும். கிட்டத்தட்ட அரை கிலோ கைமா மட்டும் வாங்கிச் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். இன்று நாம் பார்க்கும் ஒரே பாத்திர வீடியோக்களில் பலவும் அந்த வழியில் வந்தவைதான். அங்கே கைமா கொழுப்போடுதான் வரும். 80/20 என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. பெரும்பாலும் இளம் மாட்டுக் கறி, மெஷினில் நைஸாக அரைத்தது. அதனால்தான் பத்து நிமிடத்தில் மெத்தென்று வெந்துவிடுகிறது. 'மிஞ்சிய கொழுப்பை வடித்துவிடுங்கள்' என்றும் அதனால்தான் சொல்கிறார்கள்.

இங்கே நிலைமை வேறு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்க முடியும். எருமைக்கும் இதே விதிதான். வயது ஏற ஏற, தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நார் இறுகிக்கொண்டே போகும். அது இளகி ஜெலட்டினாக மாற ஈரச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். பொடியாகக் கொத்துவதால் நார் குட்டையாகுமே தவிர, இறுக்கம் போய்விடாது. பல கடைகளில் கிடைப்பது எருமைக்கறி. அதில் கொழுப்பும் குறைவு, ஆகவே வடிக்க ஒன்றும் இருக்காது. எண்ணெய்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

யோசித்துப் பாருங்கள், வீட்டில் மாட்டுக்கறி வறுவல் செய்யும்போது குக்கரில் வேகவைக்காமல் நேரே வாணலியில் போடுகிறோமா? கைமா என்றதும், பொடிதானே, தானாக வெந்துவிடும் என்று அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

கடையிலிருந்தே தொடங்குவோம். ஐந்து பேருக்கு 400 கிராம் கறி போதும். தொடைக்கறியாகக் கேளுங்கள், கூடவே ஒரு கைப்பிடி கொழுப்பையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். "பாய், கொழுப்பு கொஞ்சம் சேர்த்து மெஷின்ல ரெண்டு தடவ விடுங்க" என்றால் புரிந்துகொள்வார். கத்தியால் கொத்திய கறி உருண்டைக் குழம்புக்கு ருசிதான், ஆனால் பாஸ்தாவோடு சேரும்போது பரல் பரலாகத் தனியே நிற்கும்.

கழுவும் விஷயத்தில் ஒரு வார்த்தை. கைமாவாகக் கொத்திய பிறகு தண்ணீரில் அலசினால் சாறும் போகும், கொழுப்பும் போகும், கறி சொதசொதவென்று ஆகிவிடும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டாக இருக்கும்போதே கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிறகு வீட்டு மிக்ஸியில் விட்டு விட்டு அடித்துக்கொள்ளலாம். அரைத்த கறி துண்டுக்கறியைவிடச் சீக்கிரம் கெடும். துண்டின் மேற்புறத்தில் மட்டும் இருக்கும் கிருமிகள் அரைக்கும்போது உள்ளே முழுக்கக் கலந்துவிடுவதுதான் காரணம். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள், இல்லையென்றால் உடனே ஃப்ரீசரில் வையுங்கள்.

கறி முற்றல் என்று தோன்றினால், கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசறி, கால் மணி நேரம் வையுங்கள். சாறு அதிகம் வெளியேறாமல் கறி மிருதுவாக இருக்கும். கபாபுக்குப் போடுகிற பப்பாளிக்காய் விழுதும் வேலை செய்யும். ஆனால் கைமாவில் அளவு கொஞ்சம் தப்பினாலும் மாவாகிவிடும் என்பதால் நான் சோடாவின் பக்கம்தான்.

இப்போது அடுப்பு. ஐந்து லிட்டர் குக்கரே போதும், குண்டான் எல்லாம் வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, கைமாவைப் பரப்பிவிட்டு, மூன்று நான்கு நிமிடம் கரண்டி போடாமல் விடுங்கள். இதுதான் பலருக்கும் பொறுமை போகிற இடம். கறி சிவந்து வறுபட 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கழுவிய ஈரத்தோடு போட்டால் கறி தன் தண்ணீரிலேயே சாம்பல் நிறத்தில் வெந்துகொண்டிருக்குமே தவிர, வறுபட்ட வாசம் வராது. தண்ணீர் விட்டால் பயப்படாதீர்கள், அது சுண்டும்வரை பெரிய தீயில் வைத்து, சடசடவென்று சத்தம் மாறிய பிறகு கிளறுங்கள்.

அடுத்து பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு, மூன்று தக்காளி. தக்காளி மசிந்ததும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். ருசி அதில்தான் இருக்கிறது, அப்படியே விட்டால் அடிப்பிடிப்பதும் அதில்தான் தொடங்கும். மூடி போட்டு நான்கு விசில், அப்புறம் சிம்மில் ஐந்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு சிட்டிகை கறியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பல்லில் இழுத்தால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். கறி முழுக்க வெந்தது என்று உறுதியாகும் வரை பாஸ்தா பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம்.

பாஸ்தாவுக்கு வருவோம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். துரம் (கெட்டி வகைக் கோதுமை) ரவை என்று போட்டிருந்தால் வாங்கலாம். மைதாவில் செய்த மக்ரோனி விலை மலிவு, ஆனால் ஒரே பாத்திரச் சமையலுக்கு அது ஆகாது. கொதிக்கும் நீரில் தனியே வேகவைத்தாலே சீக்கிரம் குழைந்துவிடும் சரக்கு அது, கெட்டிச் சாற்றில் இன்னும் மோசம். உங்களுக்குக் கூழானதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். வடிவத்தில் குட்டிக் குழல் போன்ற பென்னே, அல்லது வளைந்த குட்டி மக்ரோனி நல்லது. ஸ்பகெட்டி வேண்டாம், கைமாவோடு சிக்குப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் அளவுதான் உயிர். 100 கிராம் பாஸ்தாவுக்குச் சுமார் 230 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு 300 கிராம் பாஸ்தா, ஆகவே 200 மில்லி டம்ளரில் மூன்றரை டம்ளர். கறி வெந்தபின் சாறு நிறையத் தேங்கியிருந்தால் அரை டம்ளர் குறைத்துவிடுங்கள். வழக்கமான முறையில் இதே 300 கிராமுக்கு மூன்று லிட்டர் கொதிக்கவைத்து வடித்துக் கொட்ட வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருக்களில் இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. வடிக்காததால் இன்னொரு லாபமும் உண்டு. பாஸ்தாவிலிருந்து கரையும் மாவுச்சத்து சாற்றிலேயே தங்கி அதைக் கெட்டியாக்கும், கிரீம் ஊற்றத் தேவையில்லை.

பக்கத்து அடுப்பில் சுடவைத்த தண்ணீரையே ஊற்றுங்கள். தளதளவென்று கொதி வந்ததும் பாஸ்தாவைப் போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளற வேண்டும், மேல்மாவு இளகி ஒன்றோடொன்று ஒட்டுவது அப்போதுதான். அப்புறம் தீயைக் குறைத்து, குக்கர் மூடியைப் போடாமல் ஒரு தட்டால் மூடி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவிவிடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்போது சாறு கொஞ்சம் தளர்வாகத் தெரியும். ஐந்து நிமிடம் மூடியே வைத்தால் பாஸ்தா அதைக் குடித்துச் சரியாகிவிடும். "இன்னும் தண்ணியாக இருக்கிறதே" என்று அடுப்பிலேயே சுண்டவைப்பதால்தான் பலருக்கும் குழைகிறது.

பாஸ்தாவையும் குக்கரிலேயே விசில் விடலாமா என்றால், முடியும், ஆனால் நான் சொல்லமாட்டேன். விசில் வந்தபின் ஆவி அடங்கக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே அது வெந்துகொண்டேதான் இருக்கும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் மாவு நுரை பீய்ச்சி அடிக்கும். அடியில் இருக்கும் கெட்டிச் சாறு தீய்வதும் வெளியிலிருந்து தெரியாது. நீங்கள் மிச்சம் பிடிப்பது ஐந்து நிமிடம்தான்.

மசாலா விஷயத்தில் தாராளமாக நம் வழியிலேயே போங்கள். ஆனால் மல்லித்தூள் அதிகம் உள்ள குழம்புத்தூளைத் தவிர்த்துவிடுங்கள், பாஸ்தாவில் நறநறவென்று மண்டி தட்டும். மிளகாய்த்தூள், புதிதாகப் பொடித்த மிளகு, அரை ஸ்பூன் சோம்புத்தூள், இவ்வளவு போதும். சோம்பு இங்கே வெறும் ஒட்டு இல்லை, இத்தாலியர்களே தங்கள் தொத்திறைச்சியில் சேர்ப்பதுதான். தக்காளி புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. சீஸ் வேண்டும் என்றால் இரண்டு அமுல் சீஸ் க்யூப் துருவி, அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். அதில் உப்பு இருப்பதால் முதலிலேயே உப்பைக் கொஞ்சம் பிடித்துப் போடுங்கள். கொத்தமல்லி கடைசியில்.

பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியேறிய பகுதி உங்களுடையது. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்ட நாக்குக்கு, மேலே மொறுமொறுவென்று பொரித்த வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் இல்லாமல் எதுவும் முழுசாகாது. இதிலும் அதையே தூவிப் பிழிந்து பாருங்கள். ஆரிகானோ பாக்கெட்டைத் தேடி அலைவதைவிட இது நல்ல யோசனை என்பது என் கட்சி.

மறுநாள் டிபன் பாக்ஸ். கொடுக்கலாம், ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விட்டுவிட்டுக் காலையில் சூடு பண்ணிக் கொடுக்கக் கூடாது. புளி ஊற்றிய மீன் குழம்பை மறுநாள் வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், ஆனால் இதில் அந்த அளவு புளிப்பு கிடையாது. சோறு, பாஸ்தா போன்ற மாவுப் பண்டங்களில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. வெளியில் இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சென்னை வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் கெட்டிப்பட்டிருக்கும். இரண்டு மூன்று கரண்டி பாலோ வெந்நீரோ தெளித்து, முழுக்க ஆவி பறக்கும் வரை சூடாக்கி, சூட்டோடு மூடாமல் கொஞ்சம் ஆறவிட்டு டப்பாவில் அடையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஏழு மணிப் பிரச்சினை. மேலே சொன்னதில் அதிக நேரம் பிடிப்பது கறிப் பகுதிதான், அதை அன்றே செய்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும்போது ஒரு கிலோ கைமாவாக வாங்கி, வெங்காயம், தக்காளியோடு விசில் விட்டு வேகவைத்த நிலை வரை கொண்டுவந்து, ஆறியதும் இரண்டு மூன்று டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். மூன்று மாதம் வரை தாங்கும். அதில் ஒன்று பாஸ்தாவுக்கு என்றால், இன்னொன்றைச் சப்பாத்திக்கோ பட்டாணி போட்டுச் சோற்றுக்கோ திருப்பிக்கொள்ளலாம். வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி ஒரு டப்பாவை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், மறுநாள் நீங்கள் வந்து சேரும்போது இளகியிருக்கும். மூன்றரை டம்ளர் வெந்நீர், 300 கிராம் பாஸ்தா, ஒரே குக்கர். அந்த இருபது நிமிடம் அப்போது உங்களுக்கும் கிடைக்கும்.