வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஆப்பிரிக்காவில் கன்டெய்னர் முனையங்கள் ஏன் இன்னும் டீசலை நம்பியிருக்கின்றன? சோலார் போதாதா?

போதாது. ஆனால் வெயில் குறைவு என்பதால் இல்லை, பேனல் பதிக்க இடம் இல்லை என்பதால். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் ரீஃபர் பிரிவில் மின் பராமரிப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ரீஃபர் என்றால் குளிர்சாதனம் பொருத்திய கன்டெய்னர்.

"அவ்வளவு பெரிய யார்டு, மேலே கூரை போட்டு பேனல் பதித்தால் என்ன?" என்று பலர் கேட்பார்கள். கன்டெய்னரை மேலிருந்துதான் தூக்க வேண்டும். யார்டு கிரேன் அடுக்கின் இருபுறமும் கால் ஊன்றி நின்று, ஸ்பிரெடர் என்ற தூக்கும் சட்டத்தை இறக்கி, கன்டெய்னரின் நான்கு மூலைகளையும் பூட்டித் தூக்கும். கூரை போட்டால் வேலை நின்றுவிடும். ஆக மிஞ்சுவது கிடங்கு, பணிமனை, அலுவலகம், லாரி நிறுத்துமிடம்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு ரீஃபர் சராசரியாக 3.5 கிலோவாட் இழுக்கும் என்று வையுங்கள். 500 ரீஃபர் செருகியிருந்தால் ஒரு நாளைக்கு 42,000 யூனிட். கானாவின் தேமா போன்ற கடலோரத்தில் 1 மெகாவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4,000 யூனிட் தரும். 10,000 சதுர மீட்டர் கிடங்குக் கூரையில் நடைபாதை போக 1.5 மெகாவாட் பதித்தாலும் கிடைப்பது 6,000 யூனிட். ரீஃபர் தேவையிலேயே ஏழில் ஒரு பங்குதான் இது. கப்பல் கிரேன்களை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அடுத்த சிக்கல் பலருக்குத் தெரியாது. பேனல் தரும் நேர்மின்னோட்டத்தை (DC) மாறுமின்னோட்டமாக (AC) மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கிரிட் (பொது மின் வலையமைப்பு) போனால் தானும் அணைந்துவிடும். பழுது பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நைஜீரியா போல கிரிட் அடிக்கடி விழும் நாட்டில், உச்சி வெயிலில் பேனல் சும்மா கிடக்க ஜெனரேட்டர் ஓடும். இரண்டையும் சேர்த்து ஓட்டத் தனிக் கன்ட்ரோலர் வேண்டும். அப்போதும் ஜெனரேட்டரின் சுமையை 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் வைத்திருக்க முடியாது. டீசல் சரியாக எரியாமல் கரி படியும். அதனால் வருகிற சோலாரையே வெட்டிவிட வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் வழியாக மின்சாரம் திரும்பும்போது ரீஃபர்களின் எல்லா கம்ப்ரஸரும் ஒன்றாகக் கிளம்பினால் ஜெனரேட்டர் டிரிப் ஆகிவிடும், ஆகவே நாங்கள் வரிசை வரிசையாகத்தான் சுவிட்ச் போடுவோம்.

நவம்பர் கடைசியிலிருந்து சஹாராப் பக்கமிருந்து ஹர்மத்தான் காற்று வீசும். பேனல் மேல் விரலை வைத்து இழுத்தால் கோடு விழும். கடல் உப்பும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருப்பதால் வெறும் தண்ணீருக்குப் போகாது, தேய்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் செய்தால்தான் உண்டு. இந்தச் செலவைத் திட்ட அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை.

சரி, அப்படியானால் சோலார் வீணா? இல்லவே இல்லை. ரீஃபருக்கும் வெயிலுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. சூடு ஏற ஏறக் கம்ப்ரஸர் அதிகம் இழுக்கும், அதே நேரத்தில்தான் பேனலும் அதிகம் தரும். உறைந்த மீன் என்றால் மதியமே கூடுதலாகக் குளிர்வித்து வைத்து, மாலையில் சில மணி நேரம் சுமையைக் குறைக்கலாம். அந்தச் சரக்கே ஒரு பேட்டரி. ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலிருந்து ஐரோப்பா போகும் வாழைக்காயிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கு 13-14 டிகிரி; கீழே போனால் தோல் கறுத்துவிடும்.

என்னைக் கேட்டால், கூரை சோலாரைப் பகல் நேர உதவியாக மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய அளவு மின்சாரத்தை வெளியே உள்ள சோலார் பண்ணையிலிருந்து கிரிட் வழியாக வாங்குவதுதான் சரி. தென்னாப்பிரிக்கா 2021-இல் 100 மெகாவாட் வரையிலான தனியார் மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றது. 2023-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. டர்பன், கேப் டவுன் மாதிரியான துறைமுகங்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. கிரிட்டே தள்ளாடும் நைஜீரியாவின் லாகோஸில் இது இப்போதைக்கு எடுபடாது. அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் கூடவே இருந்தாக வேண்டும்.