ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஐந்தாவது வரை தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது என்று ஊரில் ஒருவர் சொல்லிவிட்டார். என் கொழுந்தனார் பி.ஏ. என்பதால் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தரும் கட்டணச் சலுகையும் இல்லையாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதுகிறாள்.
- ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, அவசரப்பட்டு பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஊரில் சொன்ன இரண்டுமே தவறு.

ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். ஐந்தாவது வரை எங்கே படித்தாள் என்பது கணக்கில் இல்லை. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியலுக்கும் வந்தது. இதில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இதுபோக, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

முதல் பட்டதாரிக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் இவர்களைத்தான் பார்ப்பார்கள். சித்தப்பா படித்தது குறுக்கே நிற்காது. 7.5 சதவீதத்தில் இல்லாமல் பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தால், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கைகொடுக்கும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. நான் தலைமையாசிரியராக இருந்தபோது என்னிடம் படித்த ஒரு பெண்; அம்மா கீரை விற்பவர். விண்ணப்பத்தை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டார்கள். ‘அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவரா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று பதிவாகியிருந்தது. தரவரிசை வந்து, அதில் தவறிருந்தால் முறையிடும் நாட்களும் முடிந்த பிறகுதான் விண்ணப்பத் தாளோடு என் வாசலில் நின்றார்கள். கீரைக்கட்டின் ஈரம் பட்டு அதன் ஒரு மூலை ஊறிப் போயிருந்தது. அந்த ஒற்றைச் சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடன் வாங்கித்தான் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். முன்பே அந்தத் தாளை வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். இன்றும் மனசு ஆறவில்லை.

ஆறாவதிலிருந்து எந்தெந்தப் பள்ளி என்று வருடவாரியாகப் போட்ட சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்குங்கள். விண்ணப்பம் போட அப்பாவும் கூடப் போகட்டும். கடைசி பட்டனை அழுத்தும் முன், திரையில் இருப்பதை வரி விடாமல் அவருக்கு மகள் வாசித்துக் காட்டட்டும்.