சிவப்பு விளக்கு எரியுது, கார்டைப் படிக்கலை

கேள்வி: எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு மையத்தில் பால் ஊற்ற வருபவர்கள் கார்டைக் காட்டினால் பெயர் வர வேண்டும் என்று ஆர்சி522 என்ற கார்டு ரீடரும், அதை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினி போர்டும் வாங்கினேன். சிவப்பு விளக்கு எரிகிறது. வீட்டில் எப்போதாவது படிக்கிறது, மையத்தில் சுத்தமாகப் படிப்பதில்லை. ரீடருக்கு 5 வோல்ட் கொடுத்துப் பார்க்கட்டுமா?
வாசகர், நீடாமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி! ரீடரில் இருக்கும் சில்லு 2.5 முதல் 3.6 வோல்ட்டுக்குள் வேலை செய்வது. 5 வோல்ட் கொடுத்தால் ரீடரே போய்விடும். சிவப்பு விளக்கையும் நம்ப வேண்டாம். பலகைக்கு மின்சாரம் வந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

முதலில் ரீடரைத் திருப்பிப் பாருங்கள். வயர் மாட்டும் உலோகப் பின்களின் வரிசை பாக்கெட்டில் தனியாகத்தான் வரும். அதை ஓட்டையில் செருகி வயரை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஈயம் வைத்துப் பற்றவைக்காத பின் தொட்டும் தொடாமலும் நிற்கும். பற்றவைத்த பிறகு ரீடரின் முனைகளை நானோவின் எண்களோடு, எஸ்டிஏ 10, எஸ்சிகே 13, மோசி 11, மிசோ 12, ரீசெட் 9 என்று மாட்டுங்கள். ஐஆர்க்யூ முனை சும்மா கிடக்கட்டும். ரீடருக்கான எம்எஃப்ஆர்சி522 லைப்ரரியோடு வரும் டம்ப்இன்ஃபோ என்ற உதாரண நிரலை நானோவில் ஏற்றுங்கள். பதிப்பு எண் 91 அல்லது 92 வந்தால் சில்லு பேசுகிறது. 00 அல்லது எஃப்எஃப் வந்தால் வயரைத்தான் பார்க்க வேண்டும்.

பேசியும் படிக்கவில்லை என்றால் என் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். அலை அனுப்பும் பகுதி மட்டுமே 60 மில்லியாம்ப், சில சமயம் 100 வரை கேட்கலாம் என்று சில்லின் விவரத்தாளிலேயே இருக்கிறது. நானோவின் அண்ணனான அசல் ஆர்டுயினோ ஊனோ போர்டின் 3.3 வோல்ட் முனையே தருவது 50 மில்லியாம்ப்தான். மலிவு நானோக்களில் யுஎஸ்பி சில்லின் மிச்சம் மீதியைத்தான் அந்த முனை தருகிறது. அரை வயிற்றோடு அனுப்பினால் வயல் வேலை வாங்க முடியுமா? அதனால் ஏஎம்எஸ்1117, 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாக வைத்து, 5 வோல்ட்டிலிருந்து ரீடருக்குக் கொடுங்கள். இரண்டு பலகையின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ரீடரின் பக்கத்திலேயே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள்.

நானோவிலிருந்து போகும் சிக்னல் வயர்களும் 5 வோல்ட்தான். பலர் அப்படியே ஓட்டுகிறார்கள், எனக்கு மனம் ஒப்பாது. 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர் ஜோடியால் குறைத்துவிடுங்கள். மிசோ வயருக்கு மட்டும் இது தேவையில்லை.

மையத்தில் மட்டும் சுத்தமாகப் படிக்காததற்கு வேறு காரணம் இருக்கலாம். கேன் வைக்கும் எவர்சில்வர் மேஜை மேலேயே ரீடரை வைத்தீர்களோ? உலோகம் பக்கத்தில் இருந்தால் ரீடர் கார்டைப் படிக்க உண்டாக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலம் நசிந்துவிடும். பலகைக்கட்டை வைத்து மூன்று நான்கு சென்டிமீட்டராவது தூக்கி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போடுங்கள். டப்பா வழியாகவே படிக்கும், பால் சிந்தினாலும் ஐப்பசி மழைச் சாரல் அடித்தாலும் கவலையில்லை. கார்டை மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் விளக்கு மங்கும் ஊர் நமது. 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவதானால் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 பக் பலகையில் முதலில் 5 வோல்ட்டாக இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாட்டின் காதில் போட்டிருக்கும் மஞ்சள் வில்லையையும் இதே ரீடரில் படிக்க முடியுமா?
வாசகி, வலங்கைமான்

பதில்: முடியாதம்மா. அரசு போடும் அந்த வில்லையில் 12 இலக்க எண்ணும் பார்கோடும்தான் இருக்கின்றன. அதைக் கைப்பேசிக் கேமராவால் படிக்கலாம். மின்னணுக் காது வில்லைகளும் உண்டு, ஆனால் அவை பேசுவது 134.2 கிலோஹெர்ட்ஸில். அதற்கு வேறு ரீடர் வாங்க வேண்டும்.