எடுத்துச் சொல்வது

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆங்கிலப் பாடத்தில் ‘ரிமான்ஸ்ட்ரேட்’ என்றொரு சொல் வந்தது. ‘கண்டனம் தெரிவி’ என்று பொருள் சொன்னேன். “அப்ப புரொட்டெஸ்டுக்கும் இதுக்கும் என்ன மிஸ் வித்தியாசம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவியின் சந்தேகம் நியாயமானது. கண்டனத்தைச் சுவரொட்டி அடித்து ஒட்டிவிடலாம். ரிமான்ஸ்ட்ரேட் செய்ய எதிரே ஆள் வேண்டும். அதுவும், செய்ததை மாற்றக்கூடிய ஆள்.

சொல்லின் வேர் லத்தீனில் ‘மான்ஸ்ட்ராரே’. காட்டுவது என்று பொருள். டெமான்ஸ்ட்ரேட்டுக்கும் அதே வேர்தான். உங்கள் மலையிலேயே இதைக் கண்ணால் பார்த்தேன். தை மாதம், ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கு ஈரம் என்று மேஸ்திரி மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார். பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு அக்கா மட்டும் பழத்தைக் களத்தில் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தராசில் போட்டார். “முள்ளைப் பாருங்க. ஒரு கிலோகூட வரல. மிச்சம் யாருதுங்க?” குரல் உயரவே இல்லை. மேஸ்திரி நோட்டில் அடித்து எழுதினார்.

1641இல் இங்கிலாந்தின் கீழவை முதலாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிய ‘கிராண்ட் ரிமான்ஸ்ட்ரன்ஸ்’ 204 கூறுகளாகக் குறைகளை அடுக்கியது. அவையில் அது நிறைவேறியது 11 வாக்கு வித்தியாசத்தில்.

எனக்கு அதைவிட நெருக்கமானது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவனிடம் புலவர் கோவூர் கிழார் பேசுகிறார். நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபு. இவர்கள் புலவரோடு பகுத்துண்டவர் மரபு. யானையைக் கண்டு அழுத அழுகையையும் மறந்து, புது இடத்தை மருண்டு பார்க்கிறார்கள் பார். கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம். வசையே இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

தமிழில் ‘முறையிடு’ என்றால் கெஞ்சல் வந்துவிடுகிறது. ‘இடித்துரை’ நெருங்கி வரும், ஆனால் அதற்கு நண்பனின் உரிமையோ அமைச்சனின் உரிமையோ வேண்டும். சேலத்தில் நாம் தினமும் சொல்கிறோமே, “எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், கேக்கல” என்று, அந்த ‘எடுத்துச் சொல்’ தான் என் தேர்வு.

ஆங்கிலத்தில் ரிமான்ஸ்ட்ரேட்டுக்குப் பின், ஆளைக் குறிக்க ‘வித்’, விஷயத்தைக் குறிக்க ‘அபௌட்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’. பேச்சு ஆங்கிலத்தில் அதிகம் வராது, எழுத்துக்குரிய சொல். மாணவிக்கு இந்த வாக்கியத்தைக் கொடுங்கள்: ‘ஷீ ரிமான்ஸ்ட்ரேட்டட் வித் த மேஸ்திரி அபௌட் த வெயிட்.’