ட்ரோலிங்கும் வேண்டும், வீசிப் பிடிக்கவும் வேண்டும்: எந்தப் படகு, எந்த மோட்டர்?

கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கனடாவின் ஸ்காபரோவில் மூன்று நண்பர்கள், இதுவரை கரையில் நின்று மீன் பிடித்தவர்கள், இப்போது படகு வாங்கப் பார்க்கிறார்கள். ஸ்கூகொக், ரைஸ் லேக், சிம்கோ மூன்று ஏரிகளுக்கும் போகவேண்டும், வோலாய் மீனுக்கு ட்ரோலிங், அதாவது படகை மெதுவாக ஓட்டித் தூண்டிலைப் பின்னால் இழுப்பது, பாஸ் மீனுக்கு வீசிப் பிடிப்பது. கையில் பத்தாயிரம் டொலர், படகை இழுக்க ஒரு ரவ்4 கார். பார்த்து வைத்திருப்பது இரண்டு: 9.9 குதிரைவலு மோட்டருடன் 14 அடி அலுமினியப் படகு ஒன்று, 90 குதிரைவலு பழைய டூ-ஸ்ட்ரோக்குடன் 17 அடி ஃபைபர் பாஸ் போட் ஒன்று.

இரண்டையும் விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சரிவருவது 16 அடி நீளமான, அடிப்பாகம் நன்றாக வி வடிவில் இறங்கிய, உள்ளே அதிகம் கட்டுமானம் இல்லாத திறந்த அலுமினியப் படகு. பின்னால் கையால் பிடித்துத் திருப்பும் 25 குதிரைவலு ஃபோர்-ஸ்ட்ரோக், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், 55 இறாத்தல் தள்ளுவிசையுள்ள மின் மோட்டர். பழையதாக வாங்கினால் இந்தக் காசுக்குள் தேடிப் பிடிக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். ட்ரோலிங்குக்கும் வீசிப் பிடிப்பதற்கும் படகிடம் கேட்பது வேறு வேறு. ட்ரோலிங்கில் படகு மணிக்கணக்காக ஒரே மெதுவான வேகத்தில், காற்றுக்கு மூக்குத் திரும்பாமல் போகவேண்டும். வீசும்போது படகு நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், நீங்கள் எழுந்து நின்றாலும் ஒரு பக்கம் சரியக்கூடாது, சத்தமும் போடக்கூடாது. எவ்வளவு வேகமாக ஓடும் என்பது இந்த இரண்டிலும் வரவே இல்லை, ஆனால் விளம்பரம் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். வேகம் வேண்டியது ஒரேயொரு நேரத்தில், வானம் கறுத்துக் கரைக்குத் திரும்பும்போது. அதற்கு 25 போதும்.

14 அடி 9.9 ஒருவருக்கு அருமையான படகு, இருவருக்கும் பரவாயில்லை. மூன்று வளர்ந்த ஆட்கள் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தள்ளியபடியே போகுமே தவிர மேலெழுந்து ஓடாது. ஸ்கூகொக்கில் அது பிரச்சினை இல்லை, அந்த ஏரி பல இடங்களில் ஆள் உயரம்கூட ஆழம் இல்லாதது. சிம்கோவின் கதை வேறு. 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் திறந்த தண்ணீர், கெம்பன்ஃபெல்ட் குடாவில் 41 மீட்டர் ஆழம், வடமேற்கிலிருந்து காற்று எழும்பினால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். காலை ஆறு மணிக்குக் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஏரி பத்து மணிக்கு உங்களை நனைத்து எடுக்கும். நீங்கள் போகப்போகும் ஏரிகளில் மோசமானதைப் பார்த்துத்தான் படகை முடிவு செய்யவேண்டும், பக்கத்தில் இருக்கும் ஏரியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

அந்த பாஸ் போட்டின் சிக்கல் வேறு. மேடை அகலம், நின்று வீசச் சொகுசு, உண்மைதான். ஆனால் பக்கச்சுவர் தாழ்வு, சிம்கோ அலை உள்ளே வரும். பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கை மணிக்கணக்காக மெதுவாக ஓடவிட்டால் ப்ளக் கரி பிடிக்கும், புகை முழுவதும் பின்னால் இருப்பவரின் மூக்குக்குள் போகும், அப்படியும் 90 குதிரைவலு வோலாய்க்கு வேண்டிய வேகத்துக்கு இறங்காது. ட்ரெய்லரோடு சேர்த்தால் 2,000 இறாத்தலைத் தாண்டிவிடும். ரவ்4 கையேட்டை எடுத்து உங்கள் மொடல் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள், பலவற்றுக்கு 1,500 இறாத்தல்தான். நான் சொல்லும் 16 அடிப் படகு, மோட்டர், ட்ரெய்லர், சாமான் எல்லாம் சேர்ந்தும் அதற்குள் அடங்கும்.

இனி மோட்டர். இதில்தான் ஆட்கள் காசைப் பிழையான இடத்தில் போடுகிறார்கள். அணியத்தில் பூட்டும் மின் மோட்டரை நாள் முழுக்க ட்ரோலிங் ஓட்டுவதற்கென்று நினைத்து வாங்கிவிட்டு, மத்தியானத்தில் பற்றறி செத்துப்போனதும் திட்டுவார்கள். 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 50 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-மணி லித்தியம் பற்றறி என்றால் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம்தான். அதே மோட்டரைப் படகைப் பிடித்து வைக்கவும், அல்லி இலைகளின் ஓரமாக மெல்ல நகர்த்தவும் பயன்படுத்தினால் காலை முதல் மாலை வரை தாங்கும். ஆகவே மின் மோட்டர் முதலில் வீசிப் பிடிப்பதற்கு. ட்ரோலிங்கின் பெரும்பகுதியைப் பெற்றோல் மோட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

55 ஏன் என்று கேட்பீர்கள். ஏற்றிய படகின் ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் குறைந்தது 2 இறாத்தல் தள்ளுவிசை என்பது பொதுவான கணக்கு. வெறும் படகு 390, மோட்டர் 130, மூன்று பேர் 550, பற்றறியும் மின் மோட்டரும் 100, பெற்றோல் 40, தூண்டில் பெட்டி சாப்பாடு எல்லாம் இன்னொரு 100, ஆக 1,300 சொச்சம். கணக்குப்படி 26 போதும், ஆனால் அது காற்றில்லாத தண்ணீருக்கு, அதனால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் ஒரே பற்றறியோடு முடியும். அதற்கு மேல் 70, 80 என்று போனால் 24 வோல்ட், இரண்டு பற்றறி, இந்தப் படகுக்குத் தேவையில்லாத பாரம். தண்டு 54 அங்குலம் எடுங்கள், குட்டையானது அலையில் அணியம் எழும்பும்போதெல்லாம் வெளியே வந்து காற்றை அடிக்கும். ஜிபிஎஸ் மூலம் நின்ற இடத்திலேயே படகைப் பிடிக்கும் வசதி உள்ளதற்குக் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. நங்கூரம் போட்டு இழுத்து, சேறும் களையும் அள்ளிக் கொட்டி, மீனைக் கலைக்கும் வேலை அதோடு போய்விடும். மூன்று பேர் ஏறுவதால் கால் மிதியைவிடக் கைக்குள் அடங்கும் ரிமோட் வசதி, அணியத்தில் ஒருவர் நின்றேதான் ஆகவேண்டும் என்பதில்லை.

பெற்றோல் மோட்டரில் ஃபோர்-ஸ்ட்ரோக் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது மெதுவான ஓட்டத்துக்காகத்தான். மெல்லிய சத்தம், புகை இல்லை, பெற்றோலும் குறைவு. ஆனாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இலேசான படகில் 25 குதிரைவலு ஆகக் குறைந்த வேகத்திலேயே மணிக்கு இரண்டு மைல் சொச்சம் போய்விடும். மீன்குஞ்சு போன்ற லூர், அதாவது போலி இரை, இழுக்க அது சரி, வோலாய் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 மைலுக்குள் எடுக்கும். மஸ்கி மீனுக்கு 3 முதல் 5 வரை போகலாம், அதுவும் சரி. ஆனால் சுழலும் தகடோடு புழுக் கோத்து இழுக்கும்போது 1, 1.5தான் வேண்டும், அங்கே பெற்றோல் மோட்டர் வேகம் கூடியது. அப்போது மின் மோட்டருக்கு மாறுங்கள், அல்லது தண்ணீரில் இழுபடும் துணிப்பை ஒன்றை, ட்ரிஃப்ட் சாக் என்று விற்பார்கள், அணியத்துக்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள். கயிறு குட்டையாக இருக்கவேண்டும், பின்னால் சுழலும் விசிறி வரை போய்ச் சிக்கக்கூடாது.

சுக்கான் சக்கரம் வைத்த படகா, கைப்பிடி வைத்ததா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்கள் அளவுக்குக் கைப்பிடிதான். சக்கரமும் மேசையும் நடுவில் இடத்தைத் தின்னும், மூன்று பேர் வீசுவதற்கு அந்த இடம் வேண்டும். ட்ரோலிங்கில் கைப்பிடி உடனே கேட்கும், படகை நேரே விடாமல் பாம்பு போல வளைத்து ஓட்டலாம். வளையும்போது வெளிப்பக்க லூர் வேகமாகவும் உட்பக்க லூர் மெதுவாகவும் போகும். வெளிப்பக்கத் தூண்டில் மட்டும் அடிபட்டால் மீன் வேகம் கேட்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் கூட்டுங்கள். உட்பக்கம் அடிபட்டால் குறையுங்கள். இதைவிட நேராக மீன் உங்களிடம் பேசாது. வேகத்தை ஜிபிஎஸ் உள்ள மீன்காட்டியில் பாருங்கள், காற்று பின்னாலிருந்து தள்ளும்போது மோட்டர் சத்தத்தை வைத்துக் கணிக்க முடியாது. நீங்கள் சொன்ன மூன்று ஏரிகளிலும் படகில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான் போடலாம், லேக் ஒன்ராறியோவில் படகிலிருந்தென்றால் ஆளுக்கு இரண்டு. ஆகவே தூண்டில் தாங்கி மூன்று போதும்: இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வெளியே நீட்டியபடி, பின்னால் ஒன்று நேராக.

பாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கைப்பிடிப் படகில் ஓட்டுபவர், மோட்டர், பெற்றோல் தாங்கி, பற்றறி எல்லாம் பின்னுக்குக் குவிந்துவிடும், அணியம் எழும்பும், எழும்பிய அணியத்தைக் காற்று பிடித்துத் திருப்பும். தாங்கியை நடுவுக்கும் பற்றறியை முன்னுக்கும் நகர்த்துங்கள், அதே படகு வேறு படகாக ஓடும். லித்தியம் பற்றறியைப் பூச்சியத்துக்குக் கீழே உள்ள குளிரில் சார்ஜ் போடாதீர்கள், கெட்டுவிடும். சார்ஜரும் லித்தியத்துக்கானதாக இருக்கவேண்டும்.

நின்று வீச மேடை போடும் ஆசை வரும். போடுங்கள், ஆனால் தாழ்வாகப் போடுங்கள், ஒவ்வொரு அங்குல உயரமும் படகை ஆட்டும். இருக்கைப் பலகைகளை வெட்டி எடுத்து இடம் பண்ணாதீர்கள். படகு கவிழ்ந்தாலும் மிதக்க வைக்கும் நுரை அவற்றுக்குள்தான் இருக்கிறது, இரண்டு பக்கச் சுவர்களையும் விரியாமல் பிடித்திருப்பதும் அவைதான். மேடைக்குப் பச்சை மருந்து ஏற்றிய பலகை வாங்கவேண்டாம், அதில் உள்ள செம்பு அலுமினியத்தை அரிக்கும். சாதாரண பிளைவுட்டை நன்றாகப் பூச்சடித்துப் போடுங்கள், மேலே ரப்பர் விரிப்பு, அலுமினியத்தில் ஒரு ஈயக்குண்டு விழுந்தாலே கீழே உள்ள மீனுக்குக் கேட்கும்.

பழைய படகு பார்க்கப் போகும்போது நிறத்தையும் இருக்கைத் துணியையும் பார்த்து மயங்காதீர்கள். முதல் வேலை, மோட்டரை மேலே தூக்கிவிட்டு அதன் கீழ் நுனியைக் கையால் அமத்துங்கள். மோட்டர் கொழுவியிருக்கும் பின்பலகை அசைந்தால், உள்ளே மரம் உக்கியிருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வாருங்கள். பிறகு படகு ட்ரெய்லரில் நிற்கும்போதே உள்ளே சில அங்குலம் தண்ணீர் விடச் சொல்லிக் கேளுங்கள், ஆணி வரிசையில் எங்கே கசிகிறது என்று வெளியிலிருந்து துளித்துளியாகக் காட்டும். இரண்டொரு ஆணி கசிந்தால் அடைக்கலாம். மோட்டரின் கீழ்ப்பெட்டித் திருகைச் சற்றுத் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள், பால் தேநீர் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, குளிர்காலத்தில் அது உறைந்து பெட்டியையே வெடிக்க வைக்கும். மோட்டரை நீங்கள் வருமுன் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், குளிரில் முதல் இழுப்புகளில் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் தெரியவேண்டியது. ஓடும்போது பின்பக்கச் சிறு துளையால் தண்ணீர் தொடர்ந்து பீச்ச வேண்டும். இது வாங்கிய பிறகும் முக்கியம், ஸ்கூகொக்கிலும் ரைஸ் லேக்கிலும் களை அந்தக் குளிர்த்தண்ணீர் வாயை அடைத்துவிடும், பீச்சல் மெலிந்தால் உடனே நிறுத்தித் துப்புரவாக்குங்கள். தண்டு நீளமும் பொருந்தவேண்டும்: பின்பலகை 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்துவிட்டு மோட்டர் பேசுங்கள். படகில் பதித்த தகட்டில் எழுதியிருக்கும் ஆகக்கூடிய குதிரைவலுவையும் ஆட்தொகையையும் மீறவேண்டாம்.

சட்ட விஷயம் சுருக்கமாக. மோட்டர் உள்ள எதை ஓட்டுவதற்கும் படகு ஓட்டுநர் அட்டை வேண்டும், 2009 முதல் வயது வித்தியாசம் இல்லை, மூவரும் எடுங்கள். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கு உரிம எண் வேண்டும், விற்பவரின் பெயரிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து படகை எடுத்ததும் தண்ணீர் வடியும் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, களையைத் தட்டி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் ரோட்டில் ஏறவேண்டும், 2022 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம். அடைப்பானைத் திரும்பப் பூட்டுவதை இறக்குமுன் ஒருவரின் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்க்கவசம் பெட்டிக்குள் கிடந்தால் போதாது, போட்டிருங்கள். மே மாதத்தில் வெயில் நன்றாக இருக்கும், தண்ணீர் கை விறைக்கும் குளிராகவே இருக்கும், நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடத்தில் கை வேலை செய்யாது. கைப்பிடி மோட்டர் ஓட்டுபவர் மோட்டரை நிறுத்தும் கயிற்றைக் கட்டாயம் உடம்பில் கொழுவவேண்டும். அது இல்லாமல் ஓட்டுபவர் விழுந்தால் அந்தப் படகு தானாக வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

எப்போது வாங்கலாம் என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வசந்தத்தில் எல்லோரும் தேடுவார்கள், விலை இறங்காது. செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் நல்ல நேரம், குளிருக்கு மூடி வைக்க விருப்பமில்லாமல் விற்பவர்கள் பேரத்துக்கு வருவார்கள். ஏரி உறைவதற்குமுன் என்பதால் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவும் முடியும், மூவருமே ஏறிப் பாருங்கள்.