பூட்டிக் கிடந்த காலத்தில் ஒரு சாதாரண நாள்: தோட்டத்து ஊருக்கு வரப்போகும் தங்கைக்கு

கல்யாணமாகி மலேசியாவில் ஒரு தோட்டத்து ஊருக்கு வரப்போகும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "கொரோனா நேரத்தில் வீட்டுக்குள்ளேயே எப்படிப் பொழுதைக் கழித்தீர்கள்? மறுபடி அப்படி ஒன்று வந்தால், யாரையும் தெரியாத ஊரில் பைத்தியம் பிடித்துவிடாதா?"

நானும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்தான். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பைத்தியமெல்லாம் பிடிக்காது தங்கச்சி. சலிப்பு வரும், அவ்வளவுதான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இங்கே எல்லாரும் எம்சிஓ என்பார்கள். ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள்: சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். எங்களுக்கு ஈப்போவும் எட்டாது, கோலகங்சாரும் எட்டாது. அந்த ஏப்ரலில் ஒரு நாளைச் சொல்கிறேன். எந்த நாள் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே மாதிரிதான்.

இங்கே காலை ஆறரை மணிக்கும் இருட்டாகவே இருக்கும். வந்த புதிதில் உங்களுக்கும் தலை சுற்றும். அந்த இருட்டிலேயே மின்னல் எஃப்எம் பாட, வீட்டுக்காரர் அனுமதிக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் செம்பனை (பாமாயில்) ஆலைக்குக் கிளம்புவார். ஊரே அடங்கியிருக்க இவருக்கு மட்டும் வேலையா என்று முதலில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் வெட்டிய குலையைப் போட்டு வைக்க முடியாது. ஒரு நாளைக்குள் அவித்துப் பிழியாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் தோட்டமும் ஆலையும் ஓடின, எங்கள் வீட்டுச் சம்பளமும் நிற்கவில்லை. பட்டணத்தில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள்) இருந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த 1,600 வெள்ளியில்தான் பலர் அடுப்பு எரிந்தது.

ஒன்பது மணிவாக்கில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் காய்கறி வேன் வந்து ஹாரன் அடிக்கும். ரோட்டில் சாக்பீஸ் கோடு, கோட்டுக்கு ஒரு ஆள். கங்கோங் கீரை, பயத்தங்காய், கொஞ்சம் மீன். சீனத் தவுக்கே (வியாபாரி) விலையை மலாயில் சொல்வார், மாமியார் தமிழிலேயே குறைப்பார். இரண்டு பேருக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை மாதிரி) வேலிக்கு மேலே பண்டான் இலை நீட்டுவார், நான் கறிவேப்பிலை கொடுப்பேன். என் மலாய் பாதி அந்த வேலியோரத்தில் வந்ததுதான்.

மத்தியானம் கீரையை ஆயும்போதுதான் மாமியார் வாய் திறப்பார். பிறந்ததே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் குடும்பம் நடத்தியவர். "இதெல்லாம் ஒரு அடைப்பா? நான் சின்னப் பிள்ளையா இருக்கச்சே லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி. பொழுது சாஞ்சா கேட்டைப் பூட்டிருவாங்க. பால் வெட்டப் போறவங்க சோறு கொண்டு போகக்கூடாது, சோதனை போடுவாங்க" என்பார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அந்தக் கெடுபிடி. 1948 ஜூனில் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட கையோடுதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அது முடிந்த பிறகும் சம்பளம் போட்ட அன்றைக்கு மட்டுமே பட்டணம் பார்த்தவர் அவர். பத்து கிலோமீட்டர் என்றதும் எனக்கு மூச்சு முட்டியது, அவருக்கு அது தாராளம். தொலைக்காட்சியில் சொன்ன எதையும்விட அவருடைய அந்த அலட்சியம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

பிள்ளை படிப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்ப்பள்ளி டீச்சர் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவார். வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அப்பாவோடு ஆலைக்குப் போயிருக்கும். இலவசமாகத் தந்த 1 ஜிபி டேட்டாவோ சாயங்காலம் ஆறு மணியோடு சரி. மூன்று மணிக்கு மேல் இடி மழை பிடித்தால் லைனும் போய்விடும். ஐந்து மணிக்கு, அப்போது சுகாதாரத் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் அன்றைய தொற்று எண்ணிக்கையைச் சொல்ல வருவார். அவர் முகத்தைப் பார்த்தே மாமியார், "இன்னிக்குக் குறைச்சல்தான்" என்று ஜோசியம் சொல்வார்.

இரவு எட்டரைக்கு ஊருக்கு போன். அங்கே அப்போது மணி ஆறு, அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். கஷ்டம் என்றால் எனக்கு அதுதான் கஷ்டம். மலேசியாவின் எல்லை முழுசாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆகிவிட்டது. வீட்டுக்குள் இருப்பது பழகிப்போகும், ஊருக்குப் போக முடியாதது பழகவே இல்லை.

ஆகவே வந்ததும் தமிழ்நாட்டுக்காரர் யார் இருக்கிறார்கள் என்று தேடி அலையாதீர்கள். முதல் வாரமே வலது பக்கத்து வீடு, இடது பக்கத்து வீடு, காய்கறி வேன்காரர், மூவருக்கும் உங்கள் முகம் தெரியட்டும். மலாயில் எண்களையாவது வரும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். இங்கே தங்குவதற்கான பாஸ் முடியும் தேதியை வீட்டுக்காரரை நம்பி விடாமல் நீங்களே எழுதி வையுங்கள். கறிவேப்பிலைக் கன்று கொண்டுவர வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள், இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது.

எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று சொல்லவில்லையே? பேராக் பக்கம் என்றால் சொல்லுங்கள், எங்கே மீன் வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்பதைத் தனியாக எழுதுகிறேன்.