ஹாதவிக் பாடலில் வரும் 'மின்னெ' யார்?

ஹாதவிக் நடுக்கால டச்சில் பாடிய கிறித்தவ ஞானக் கவிஞர். அவர் பாடல்களில் மின்னெயை 'அவள்' என்று சொல்வதால், யாரோ பெண்ணொருத்திக்கு எழுதிய காதல் பாட்டு என்று தோன்றும். அப்படியல்ல. 'மின்னெ' என்றால் அன்பு. ஹாதவிக்கிடம் பெரும்பாலும் இறையன்பு.

குழப்பம் தரும் அந்த 'அவள்' இலக்கணத்தால் வந்தது. நடுக்கால டச்சில் 'மின்னெ' பெண்பால் சொல். 13-ஆம் நூற்றாண்டுப் பிராபண்டில் (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதி) இருந்த இந்த அம்மையார் அதையே பிடித்துக்கொண்டு, அரண்மனைக் காதல் பாட்டில் காதலன் பணிந்து போற்றும் எசமானியின் இடத்தில் அன்பையே உட்கார வைத்துவிட்டார். கெட்டிக்காரி!

சந்தேகமிருந்தால் அவர் பாடல்களின் முதல் கண்ணிகளைப் பாருங்கள். குளிர், பறவை, மொட்டு என்று பருவ வர்ணனை வரும். அது பிரெஞ்சுக் காதல் பாடகர்களின் வழக்கம். பிறகு அவர் பாடல் தொகுப்பின் கடைசிப் பாட்டான 45-க்குப் போங்கள். டச்சு வரிகளுக்கு நடுவே லத்தீன் துண்டுகள் எட்டிப் பார்க்கும். மரியாளைப் போற்றும் லத்தீன் தேவாலயப் பாட்டொன்றின் மெட்டோடு அதைப் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பூசையில் பாடிய பாட்டு என்று எழுதிவிடாதீர்கள். ஏடுகளில் இசைக்குறிப்பே கிடையாது. மெட்டெல்லாம் யாப்பை வைத்துப் பிற்காலத்தில் பொருத்தியவை.